ஓதற்பிரிவும் ஒரு கவிஞரும்
(இரவீந்திரநாத் தாகூரின் முதல் கடற்பயணம்)

தலைவன் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களை எண்ணும்போது தொல்காப்பியர் ஓதலையே முதற்கண் வைக்கின்றார். ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரிய பிரிவுகள் என்றும் அவர் கொள்கின்றார். ஆயினும், ஓதச் சென்றவன் அயல்நாட்டில் என்ன கற்றான், கற்ற பின் எத்தகையவனாகத் திரும்பினான் என்பவற்றை அகப்பாடல்கள் விரித்துரைப்பதில்லை. இல்லத்தில் காத்திருப்பவளின் நெஞ்சே அவற்றின் பாடுபொருள். பிரிந்து சென்றவனின் நெஞ்சு பெரும்பாலும் பாடப்படாமலே நின்றுவிடுகின்றது.

அவ்வாறு ஓதச் சென்ற ஓர் இளைஞரின் வரலாறு கவிதையன்பர்களின் சிந்தனைக்கு உரியது. 1878ஆம் ஆண்டு, பதினேழு வயதில், பாரிஸ்டர் பட்டத்தோடோ ஆட்சிப் பணித் தகுதியோடோ திரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்புடன் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றார். ஏறத்தாழப் பதினேழு மாதங்கள் கழித்து எந்தப் பட்டமும் இன்றித் திரும்பி வந்தார். அனுப்பியவர்களின் கணக்கில் அப்பயணம் தோல்வி. ஆனால் அந்தத் தோல்வி இல்லையேல் பின்னாளில் உலகம் அறிந்த இரவீந்திரநாத் தாகூர் நமக்குக் கிடைத்திருப்பாரா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சுண்ணக்கோட்டுக்குள் ஒரு சிறுவன்

கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில், செல்வமும் கலையும் ஒருங்கே செழித்த தாகூர் குடும்பத்தில், 1861 மே 7ஆம் நாள் இரவீந்திரர் பிறந்தார். பாட்டனார் துவாரகநாத் பெருவணிகர். கடல் கடந்து இங்கிலாந்து சென்றவர். 1846இல் இலண்டனிலேயே உயிர் நீத்தவர். தந்தையார் தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தின் தூண்; மகரிஷி என்று மக்களால் போற்றப்பெற்றவர்; ஆண்டின் பெரும்பகுதியை வெளியூர்ப் பயணங்களில் கழித்தவர். தாயார் சாரதா தேவி பெரிய குடும்பத்தின் சுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்தார். எனவே இளைய பிள்ளை வளர்ந்தது வேலைக்காரர்களின் பொறுப்பில்தான்.

சியாம் என்னும் பணியாள் சிறுவனை ஓரிடத்தில் அமர்த்தி, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்து, அதனைத் தாண்டினால் பெருந்தீங்கு நேரும் என்று அச்சுறுத்திவிட்டுப் போய்விடுவான். இராமாயணத்தில் சீதை கோட்டைத் தாண்டியதால் விளைந்தது என்ன என்று கேட்டறிந்திருந்த சிறுவன் அசையாது அமர்ந்திருப்பான். சாளரத்தின் வழியே தெரியும் குளமும், அதன் கரையில் நின்ற ஆலமரமும், நீராட வருவோரின் வகைவகையான பழக்கங்களுமே அவனது உலகம். வெளியுலகின் மீது தணியாத வேட்கையும், அதனுள் அடியெடுத்து வைப்பதில் பெருங்கூச்சமும் அவ்வட்டத்துக்குள்ளேயே ஒருங்கே வளர்ந்தன எனலாம்.

பள்ளிகள் பல மாறின. எந்தப் பள்ளியும் மனத்தில் ஒட்டவில்லை. 1873இல் உபநயனம் முடிந்தபின் தந்தையாருடன் இமயச் சாரலில் உள்ள டல்ஹௌசிக்குச் சென்ற பயணம் ஒன்றே அவருக்கு வாய்த்த உண்மையான பள்ளி. 1875இல் தாயார் மறைந்தார். அதன்பின் அண்ணன் ஜோதிரிந்திரநாத்தும் அண்ணியார் காதம்பரி தேவியும் அவரை அணைத்துக்கொண்டனர். கவிதைகள் இதழ்களில் வெளிவரத் தொடங்கின. ஆனால் பள்ளிப் படிப்பு நின்றுபோன பிள்ளையை என்ன செய்வது என்ற கவலை குடும்பத்தாரை வாட்டியது. மூத்த அண்ணன்மார்களுள் ஒருவரான சத்தியேந்திரநாத், இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் வென்ற முதல் இந்தியர். இளவலைத் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று சட்டம் பயிற்றுவிக்கலாம் என்று அவர் முன்வந்தார். தந்தையாரும் இசைந்தார்.

சபர்மதிக் கரையில்

கப்பலேறுவதற்கு முன் சில திங்கள் அகமதாபாத்தில் கழிந்தன. சத்தியேந்திரர் அங்கு நீதிபதி. அவருக்கு ஒதுக்கப்பட்ட உறையுளோ ஷாஜஹான் இளவரசராக இருந்த காலத்தில் கட்டிய ஷாஹிபாக் மாளிகை. அண்ணியார் ஞானதாநந்தினி தேவி குழந்தைகளுடன் முன்னரே இங்கிலாந்து சென்றுவிட்டார். அண்ணன் நீதிமன்றம் சென்றபின் அப்பெருமாளிகையில் புறாக்களின் குரலும் பதினேழு வயது இளைஞரும் மட்டுமே எஞ்சியிருந்தனர்.

அண்ணனின் நூலகத்தில் படங்கள் நிறைந்த டென்னிசன் நூல் இருந்தது; சீராம்பூரில் அச்சான வடமொழிக் கவிதைத் திரட்டும் இருந்தது. ஆங்கிலமும் முழுமையாகப் புரியவில்லை, வடமொழியும் புரியவில்லை. எனினும் அமரு சதகத்தின் ஓசையில் மயங்கி அவர் வெற்றுக் கூடங்களில் உலவினார். பொருளுக்கு முன்னே ஓசை நெஞ்சில் நுழையும் என்பதைக் கவிஞர்கள் அறிவர். நிலவொளி பரந்த இரவுகளில் சபர்மதியை நோக்கிய மேல்மாடத்தில் நடந்தபடி தம் பாடல்களுக்குத் தாமே முதன்முறையாக இசையமைத்ததும் அங்கேதான். 1895இல் அவர் எழுதிய பசித்த கற்கள் என்னும் புகழ்பெற்ற சிறுகதையின் வித்தும் அம்மாளிகையின் தனிமையில் விழுந்ததே.

இத்துணைக் கூச்சமுடைய பிள்ளையை ஆங்கிலேயர் நடுவில் எப்படி விடுவது என்று அண்ணன் கவலை கொண்டார். எனவே பம்பாயில் மருத்துவர் ஆத்மாராம் பாண்டுரங்கின் இல்லத்தில் சிலகாலம் தங்கச் செய்தார். பிரார்த்தனை சமாஜத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அவர். அவருடைய மகள் அன்னபூர்ணா இங்கிலாந்து சென்று திரும்பியவர். ஆங்கிலப் பேச்சும் பழக்கவழக்கமும் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் விடப்பெற்றது. ஆசிரியைக்குத் திருப்பித் தர மாணவரிடம் கவிதை ஒன்றே இருந்தது. தமக்கு ஒரு பெயர் சூட்டுமாறு அப்பெண் கேட்க, நளினி என்னும் பெயரைத் தந்து, அப்பெயரை ஒரு பாடலிலும் பின்னி, காலைப் பண்ணில் பாடிக்காட்டினார். உங்கள் முகத்தின் வரையைத் தாடியால் மறைத்துவிடாதீர்கள் என்னும் பொருள்பட அப்பெண் விடுத்த வேண்டுகோளை எண்பது வயதை நெருங்கிய தாகூர் நினைவுகூர்ந்துள்ளார். அந்த வேண்டுகோளை அவர் காக்கவில்லை. அது மீறப்பட்டதைக் காண அப்பெண்ணும் நெடுநாள் வாழ்ந்திருக்கவில்லை.

கடலும் பனியும்

1878 செப்டம்பர் 20ஆம் நாள் பூனா என்னும் கப்பல் பம்பாய்த் துறையை விட்டு நீங்கியது. கடலைப் பற்றி எத்தனையோ கற்பனை செய்திருந்த கவிஞர், முதல் ஆறு நாள்களும் தலைசுற்றலும் குமட்டலுமாகப் படுக்கையிலேயே கிடந்தார். ஏடன், சூயஸ், அலெக்சாந்திரியா, இத்தாலி, பாரிஸ் எனப் பயணம் தொடர்ந்து இங்கிலாந்தில் முடிந்தது.

முதலில் தங்கியது பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில், அண்ணியாருடனும் குழந்தைகளுடனும். சுரேந்திரன், இந்திரா என்னும் அவ்விரு குழந்தைகளே அவருக்கு அயல்நாட்டில் கிடைத்த முதல் தோழர்கள். ஓரிரவு குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது குழந்தைகள் ஓடிவந்து வெளியே பனி பெய்கிறது என்று கூவி அழைத்தனர். வெளியே சென்றார். மேலே வெண்ணிலவு, கீழே வெண்பனி போர்த்த நிலம். தாம் அறிந்த நிலவுலகம் அன்று என்னும்படி தோன்றிய அக்காட்சி அவர் உள்ளத்தில் அழியாது நின்றது.

அங்கொரு பள்ளியில் சேர்க்கப்பெற்றார். அவரைக் கண்டதும் தலைமையாசிரியர் அவர் தலையின் அழகை வியந்து பாராட்டினார். இளவலுக்குச் செருக்கு வந்துவிடலாகாது என்று கருதிய ஊரிலிருந்த அண்ணியார், அவருடைய நெற்றியும் முகமும் பிறரோடு ஒப்பிடுகையில் நடுத்தரமே என்று கூறிக்கூறி நம்பவைத்திருந்தார். இரு மதிப்பீடுகளுக்கும் இடையே இருந்த இவ்வேறுபாடு அவரைத் திகைக்கச் செய்தது. உடன் பயின்ற ஆங்கிலச் சிறுவர்களோ அயல்நாட்டவர் என்று எள்ளவில்லை. ஆரஞ்சுப் பழத்தையும் ஆப்பிளையும் அவர் சட்டைப் பைக்குள் சட்டெனத் திணித்துவிட்டு ஓடிப்போவார்கள். கூச்சம் இந்தியருக்கு மட்டும் உரியதன்று, அன்பு காட்டவும் நாணுகின்ற பிள்ளைகள் எந்நாட்டிலும் உண்டு என்னும் உண்மையை அப்பழங்கள் உணர்த்தின.

இலண்டனில் தனிமை

உறவினர் நடுவே இருந்தால் இங்கிலாந்துக்கு வந்தும் வாராததே ஆகும் என்று குடும்ப நண்பர் தாரகநாத் பாலித் இடித்துரைத்தார். அவரே இளைஞரை இலண்டனுக்கு அழைத்துச் சென்று ரீஜெண்ட் பூங்காவுக்கு எதிரே ஒரு விடுதியில் தனியே தங்கவைத்தார். கடுங்குளிர்காலம். எதிரே இலை உதிர்ந்த மரங்கள் பனி சுமந்து எலும்புக்கூடுகளாய் நின்றன. பேசுவதற்கு ஒருவருமில்லை. அறையில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அதனையே துணையாகக் கொண்டார்.

அங்கு இலத்தீன் கற்பிக்க ஓர் ஆசிரியர் வந்தார். மெலிந்த உடல், குளிரைத் தாங்காத பழைய ஆடை, வறுமை எழுதிய முகம். ஒவ்வோர் ஊழியிலும் ஒரே கருத்து உலகின் எல்லாச் சமுதாயங்களிலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாடுகளிலும்கூட, ஒருசேரத் தோன்றுகிறது என்பது அவர் கொள்கை. அதனை நிறுவுவதற்கான சான்றுகளைத் தேடுவதிலேயே அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டு வந்தார். அக்கொள்கை நெஞ்சை நிறைத்துக்கொண்ட நாள்களில் இலத்தீன் பாடம் நடவாது. குடும்பத்தார் அவரைப் பித்தர் என்று எள்ளினர். விடுதியை விட்டு நீங்கும்போது இளைஞர் ஊதியம் தர முற்பட, தாம் ஒன்றும் கற்பிக்கவில்லை என்று அவர் வாங்க மறுத்தார். வற்புறுத்தியே கொடுக்க வேண்டியதாயிற்று. இலத்தீன் மறந்துபோயிற்று, ஆசிரியர் மறக்கவில்லை. மனித உள்ளங்கள் ஆழத்தில் ஒன்றோடொன்று இணைந்துள்ளன என்னும் அவர் நம்பிக்கையைப் பின்னாளில் தாகூர் தம் வழியில் ஏற்றுக்கொண்டார். ஒரு கருத்துக்காகப் பசி பொறுத்தவரைப் பித்தர் என்று ஒதுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்துத் தங்கியது தேர்வுக்குப் பயிற்றும் பார்க்கர் என்பவரின் இல்லத்தில். அங்கு கணவன் மனைவி இடையே அன்பில்லை. மனைவியைப் புண்படுத்த வேண்டுமெனில் அவர் ஆசையோடு வளர்த்த நாயைக் கணவர் துன்புறுத்துவார். அவ்வீட்டின் இருண்ட உணவு மேசையிலிருந்து மீட்பதுபோல் அண்ணியாரின் அழைப்பு வந்தது. டெவன்ஷயர் பகுதியின் டார்க்கி என்னும் கடலோர ஊரில் குன்றுகளும் பூத்த புல்வெளிகளும் குழந்தைகளும் மீண்டும் கிடைத்தன. கவிஞனுக்குரிய கடமை நினைவுக்கு வர, ஒருநாள் குடையும் குறிப்பேடும் ஏந்திக் கடற்பாறை ஒன்றின் மேல் அமர்ந்து, மூழ்கிய தோணியைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அக்கவிதையையும் கடலிலேயே மூழ்கவிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிற்காலத்தில் தம்மையே நகையாடிக்கொண்டார்.

ஸ்காட் இல்லம்

கடமை மீண்டும் இலண்டனுக்கு இழுத்தது. இம்முறை இடம் கிடைத்தது டாக்டர் ஸ்காட் என்பவரின் இல்லத்தில். இந்தியர் ஒருவர் வந்து தங்கப்போகிறார் என்றறிந்த இளைய மகளிர் இருவரும் அஞ்சி உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டனர். வந்திருப்பவரால் தீங்கொன்றும் இல்லை என்று செய்தி எட்டிய பின்னரே திரும்பினர். தாம் பிறரைக் கண்டு அஞ்சுவது போலவே பிறரும் தம்மைக் கண்டு அஞ்சக்கூடும் என்பது கூச்சமுடையோர் எளிதில் எண்ணிப் பாராத ஒன்று. அவ்வில்லத்தில் அது விளங்கிற்று. விளங்கியதும் இருதரப்பின் அச்சமும் ஒருங்கே கரைந்தது.

திருமதி ஸ்காட் அவரைத் தம் மகனாகவே நடத்தினார். மாலையில் கணவர் வீடு திரும்புமுன் அவருடைய சாய்வு நாற்காலியையும் காலணியையும் கணப்பருகே தாமே எடுத்து வைப்பார். ஒருநாள் பிள்ளைகள் ஆவிகளை அழைத்து மேசையை அசைக்கும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தபோது, டாக்டர் ஸ்காட்டின் தொப்பியையும் அவ்வாறு அசைத்துப் பார்க்க முயன்றனர். கணவரின் தலையில் அமரும் தொப்பியைப் பேய் விளையாட்டுக்குப் பயன்படுத்துவதா என்று பதறி ஓடிவந்து தடுத்தார் அந்த அம்மையார். கற்பு என்றும் இல்லறம் என்றும் நாம் நம் நாட்டுக்கே உரியவையாகக் கொண்டாடும் பண்புகள் அங்கும் ஒரு மனையுள் அமைதியாக விளங்குவதை அவர் கண்டார். மேனாட்டு மகளிரைப் பற்றி ஊரில் கேட்டறிந்த கதைகள் உதிர்ந்தன.

டாக்டர் ஸ்காட்டின் மகளிருள் ஒருவர் வங்காளம் கற்க விரும்பினார். எழுத்தொன்று ஒலியொன்றாக இருக்கும் ஆங்கிலம் போலன்றி, எங்கள் மொழி எழுதியவாறே ஒலிப்பது என்று பெருமையோடு பாடம் தொடங்கினார் தாகூர். சில பாடங்களிலேயே அப்பெருமை குலைந்தது. வங்காளமும் தன் நெறிகளை அடிக்கடி மீறுவதை அயலார் ஒருவருக்குக் கற்பிக்கும்போதுதான் அவரே கண்டார். உடனே பல்கலைக்கழகக் கல்லூரி நூலகத்தில் அமர்ந்து, நண்பர் லோகேன் பாலித்தின் துணையுடன் அம்மீறல்களுக்குரிய நெறிகளைத் தேடலானார். பின்னாளில் அவர் எழுதிய மொழியாய்வுக் கட்டுரைகளுக்கு அங்கேதான் வித்து ஊன்றப்பெற்றது. தாய்மொழியை அயலார் செவி கொண்டு கேட்கும் வாய்ப்பைக் கடல் கடந்த பயணமே தந்தது.

அக்கல்லூரியில் ஹென்றி மார்லி என்னும் பேராசிரியரிடம் ஆங்கில இலக்கியம் கேட்டார். சொற்பொருள் விளக்கத்தில் காலம் கழிக்காமல் மூலத்தை உயிரோடு படித்துக்காட்டியே இலக்கியத்தை உணர்த்தியவர் அவர். பள்ளிகளை வெறுத்த மாணவர் விரும்பிச் சென்ற வகுப்பு அதுவொன்றே எனலாம். நாடாளுமன்றத்துக்கும் சென்று கிளாட்ஸ்டனும் பிரைட்டும் பேசக் கேட்டார்.

கதவுக்கு வெளியே ஒரு பாட்டு

இந்தியாவில் உயர்பதவி வகித்து மறைந்த ஆங்கில அதிகாரி ஒருவரின் மனைவியோடு அந்நாளில் பழக்கம் ஏற்பட்டது. அவர் கணவரின் மறைவுக்கு இரங்கி இந்திய நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் இயற்றிய இரங்கற்பா அவரிடம் இருந்தது. அதனைப் பெஹாக் இராகத்தில் பாட வேண்டும் என்ற குறிப்பும் உடனிருந்தது. ஒருமுறை மறுக்க இயலாமல் பாடிவிட்டார் இளைஞர். அன்றிலிருந்து விருந்துதோறும் அப்பாட்டுத் தாள் வெளிவரும், அம்மையார் பணிப்பார், இளைஞர் முகம் சிவந்து பாடுவார், கூடியிருப்போர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நன்றி கூறுவர். அந்த இழவுப் பாட்டு யாருடைய மறைவையும்விடத் தம் மானத்தின் மறைவையே பாடியதாக அவருக்குத் தோன்றியது.

ஒருநாள் அவ்வம்மையார் நகருக்கு வெளியே இருந்த தம் இல்லத்துக்கு அழைத்தார். கடும்பனி. இறங்க வேண்டிய நிலையத்தை அறியாமல் அமர்ந்திருக்க, வண்டி வந்த வழியே திரும்பிவிட்டது. வழியில் ஒரு நிலையத்தில் இறங்கி, அடுத்த வண்டிக்காகக் காத்திருந்து, இரவு ஒன்பதரை மணிக்குப் பசியோடு போய்ச் சேர்ந்தார். உணவுவேளை கடந்துவிட்டது, தேநீரும் ஓரிரு பிஸ்கட்டுமே கிடைத்தன. பின் நடனமாடவும் நேர்ந்தது. உறங்குவதற்கோ அவ்வில்லத்தில் இடமில்லை. குளிரில் விறைத்த சத்திரம் ஒன்றைக் காட்டினர். மறுநாள் காலையில் முன்னிரவின் ஆறிய மிச்சங்களே உணவு. அதன்பின் அம்மையார் வந்து, பாட்டுக் கேட்க வேண்டியவர் நோயுற்று மாடியறையில் படுத்திருப்பதாகவும், அறைக்கு வெளியே நின்று பாட வேண்டும் என்றும் பணித்தார். மூடிய கதவின் முன், மாடிப்படியில் நின்று, காணாத ஒருவருக்காக அவர் அவ்விரங்கற்பாவைப் பாடினார்.

இலண்டன் திரும்பியதும் நோயில் விழுந்தார். ஸ்காட் இல்லத்து மகளிர் வருந்தி, இதனை இங்கிலாந்தின் விருந்தோம்பலாகக் கொள்ளற்க, அது இந்தியாவின் உப்பைத் தின்றதால் வந்த குணம் என்று மன்றாடினர். தம் நாட்டவரின் குறையை மறைக்காமல், அக்குறை எங்கே விளைந்தது என்பதையும் கண்ட சொல் அது. ஆளும் இடத்தில் ஆங்கிலேயர் ஒருவராகவும் தம் இல்லத்தில் வேறொருவராகவும் இருப்பதை அச்சொல்லே அவருக்கு எடுத்துக்காட்டியது. ஆளவந்தவரை ஆங்கில நாட்டோடு ஒன்றாக்கிக் காணாத தெளிவை இறுதிவரை அவர் கைவிடவில்லை.

வெறுங்கையோடு திரும்பியவர்

இங்கிலாந்திலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் குடும்ப இதழான பாரதியில் வெளிவந்தன. அவை அன்றைய எழுத்து மரபை விடுத்துப் பேச்சுவழக்கில் அமைந்தவை. அண்ணியாரோடு மேடையிலோ விருந்திலோ பேசக் கூசிய இளைஞரின் எழுதுகோல் அக்கடிதங்களில் கூச்சமற்று ஓடியது. ஆண்களும் பெண்களும் இயல்பாகக் கலந்து பழகும் சமுதாயத்தைப் பாராட்டி, நம் மகளிரை அந்தப்புரத்தில் அடைத்துவைப்பதைச் சாடினார். இதழாசிரியரான மூத்த அண்ணன் துவிஜேந்திரநாத் அக்கருத்துகளை மறுத்துக் குறிப்பெழுதியே வெளியிட்டார். தம்பியும் விடாது மறுமொழி எழுதினார். இளமைத் துடுக்கு மிகுந்தவை என்று பின்னாளில் அவரே அவற்றைப் பற்றி நாணியதுண்டு. எனினும் சுண்ணக்கோட்டைத் தாண்ட அஞ்சிய சிறுவன், மூத்தவரோடு பொதுமன்றில் வாதிடும் இளைஞனாக மாறிவிட்டதை அவை காட்டுகின்றன. 1881இல் அவை நூலாயின.

படிப்பு நிறைவுறுமுன்னரே திரும்பிவருமாறு தந்தையாரின் ஆணை வந்தது. திருமதி ஸ்காட் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, இவ்வளவு விரைவில் பிரிவதற்கா வந்தாய் என்று கண்ணீர் வடித்தார். 1880 பிப்ரவரியில் சத்தியேந்திரர் குடும்பத்தோடு கப்பலேறித் தாயகம் மீண்டார். கையில் பட்டமில்லை, பெட்டியில் பக்ன ஹிருதய் என்னும் முற்றுப்பெறாத கவிதை நாடகமும், நெஞ்சில் மேனாட்டு மெட்டுகளும் இருந்தன. வீட்டார் கேட்கப் பாடியபோது குரலே அயலாகிவிட்டது என்று வியந்தனர். அவ்வயற்குரலும் தாய்ப்பண்ணும் கலந்து 1881இல் பிறந்ததே வால்மீகி பிரதிபா என்னும் இசைநாடகம். கொள்ளைக்காரன் கவிஞனாகும் அக்கதையில் வால்மீகியாக மேடையேறி நடித்தவரும் அவரே.

சென்னையோடு நின்ற பயணம்

குடும்பத்தார் நம்பிக்கை இழக்கவில்லை. 1881இல் மீண்டும் சட்டம் பயில அனுப்பத் துணிந்தனர். புறப்படுவதற்கு முன் கல்கத்தாவில் பெத்யூன் சங்கத்தில் இசையைப் பற்றி அவர் உரையாற்றினார். அதுவே அவரது முதல் பொதுச் சொற்பொழிவு. மருமகன் முறையான சத்தியபிரசாத்தோடு கல்கத்தாவில் கப்பலேறினார். அண்மையில் மணமுடித்திருந்த சத்தியபிரசாத்துக்கு மேலே செல்லும் மனமும் உடல்நலமும் இல்லை. கப்பல் சென்னைத் துறையை அடைந்ததும் இருவரும் இறங்கிக் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டனர். தாகூர் பாரிஸ்டர் ஆகும் வாய்ப்புத் தமிழ்நாட்டுக் கரையில்தான் முடிவுற்றது. தந்தையாரின் சினத்துக்கு அஞ்சியவாறே முசூரிக்குச் சென்றார். மகரிஷியோ சினம் கொள்ளவில்லை. இதனையும் இறைவன் அருளாகவே ஏற்றார். அக்கரையிலேயே பின்னாளில் பாரதியார் அவருடைய சிறுகதைகள் சிலவற்றைத் தமிழாக்கினார். வங்காளம் கற்று நேரே மொழிபெயர்த்த த. நா. குமாரஸ்வாமி போன்றோரால் அவர் தமிழ் இல்லங்களுக்கு உரியவராகவும் ஆனார்.

ஓதியது யாது?

1890இல் மீண்டும் இலண்டன் சென்றபோது தாகூர் முதலில் நாடிச் சென்ற இடங்களுள் ஒன்று ஸ்காட் இல்லம். கதவைத் திறந்தவர் வேறொருவர். அவர்கள் அங்கு இல்லை. பத்தாண்டுகள் நெஞ்சில் கட்டிவைத்திருந்த வீடு பூட்டிக்கொண்டது. பாலையின் துயர் பிரியப்பட்டவர்க்கு மட்டுமன்று, பிரிந்து சென்றவர்க்கும் உண்டு.

1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1921இல் அது விசுவபாரதி ஆயிற்று. கிழக்கும் மேற்கும் ஒரே கூட்டில் கூடும் அவ்விடத்தில், கால்படாத சுண்ணவட்டத்தின் நினைவும், ஊதியம் மறுத்த இலத்தீன் ஆசிரியரின் நம்பிக்கையும், ஸ்காட் இல்லத்தின் அன்பும் கலந்திருந்தன. 1913இல் நோபெல் பரிசு வந்தது. 1940 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் பேராளர்களைச் சாந்திநிகேதனுக்கே அனுப்பி டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டமின்றித் திரும்பியவரைத் தேடி அறுபதாண்டுகள் கழித்துப் பட்டம் கடல் கடந்து வந்தது.

எனினும் அப்பயணத்தின் இறுதிக் கணக்கை அவர் எழுதியது 1941 ஏப்ரலில். தம் எண்பதாண்டு நிறைவையொட்டி நிகழ்த்தச் செய்த நாகரிகத்தின் நெருக்கடி என்னும் உரையில், இளமையில் தாம் கேட்ட ஜான் பிரைட்டின் பேச்சை நினைவுகூர்ந்தார். அப்பேச்சில் ஒலித்த மனிதநேயத்தை நம்பியே ஆங்கிலேயரை உள்ளத்தில் உயரத்தில் வைத்திருந்ததையும், ஆட்சியின் கொடுமை அந்நம்பிக்கையைக் குலைத்ததையும் ஒளிவுமறைவின்றி உரைத்தார். ஆங்கிலப் பேரரசின் மீது வைத்த நம்பிக்கை போயிற்று. மனிதன் மீது வைத்த நம்பிக்கையை இழப்பது பாவம் என்று மட்டும் உறுதியாக நின்றார். சட்டைப் பையில் பழம் திணித்துவிட்டு ஓடிய சிறுவர்களையும், பிரியும்போது கண்ணீர் வடித்த ஓர் அன்னையையும் பதினெட்டு வயதில் கண்டறிந்தவர் வேறெவ்வாறு கூறியிருக்க இயலும்? அதே ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள், தாம் பிறந்த ஜோராசாங்கோ மாளிகையில் அவர் மறைந்தார்.

ஓதச் சென்ற அவ்விளைஞர் சட்டம் ஓதவில்லை; மனிதரை ஓதினார். பாடச் சொன்னபோதெல்லாம் கூசிய அவருடைய குரல், எவர் பணிப்புமின்றித் தானே பாடும் துணிவைக் கடல் கடந்த அப்பயணத்தில் பெற்றது. மூடிய கதவுகளின் முன் நின்று பாட நேரும் கவிஞர் எவருக்கும் அவ்வரலாறு ஆறுதலாகும். கேட்பவர் முகம் தெரியாதபோதும் பாட்டை முடிக்காமல் அவர் படியிறங்கவில்லை.